'ஐ லவ் யூ' சொன்ன சர்வரும் 'ஹெல்ப்' கேட்ட மனுஷனும்

ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைப் பார்த்து "ஐ லவ் யூ" சொல்லும்னு சொன்னா நம்புவீங்களா? கதை இல்லீங்க, நிஜம். சி.வி.எஸ். என்று ஒரு மென்பொருள். அதன் சர்வர் 2401 என்கிற போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் பேரும் பாஸ்வேர்டும் சரியாகக் கொடுத்தால் "ஐ லவ் யூ" என்று ஒரு வரி திரும்பி வரும். தப்பாகக் கொடுத்தால் "ஐ ஹேட் யூ". நடுவாந்தரமாக ஒன்றும் கிடையாது :-)

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருத்தராவது மென்பொருள் வேலையில் இருப்பது சகஜம். ஊரிலிருந்து வருகிற மாமா, "அப்படி என்னதான் தம்பி ராத்திரி பகலா தட்டுறீங்க?" என்று கேட்டால் நாம் திருதிருவென்று முழிப்போம். அந்த மாமாவுக்கும் புரிகிற மாதிரி, நாம் தினமும் புழங்குகிற ஒரு சாமானின் சரித்திரத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. மென்பொருள்காரர்கள் தெரிந்த இடங்களைத் தாண்டிப் போய்க்கொள்ளவும்.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

ஊரில் ஒரு மனை வாங்குகிறோம். முதலில் என்ன செய்வோம்? சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். யாரிடமிருந்து யாருக்கு எந்த வருஷம் கை மாறியது, நடுவில் அடமானம் ஏதும் உண்டா என்று எல்லாம் வரிசையாக வரும். வெர்ஷன் கன்ட்ரோல் என்பதும் அதேதான். ஒரு நிரலின் எந்த வரியை யார், எந்த நாள், எதற்காக மாற்றினார் என்ற பதிவேடு. தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். யார் கைவண்ணம் என்றும் கண்டுபிடிக்கலாம். (இதற்காகவே ஆபீஸில் பாதிச் சண்டை வரும்.)

இந்தப் பதிவேடு ரொம்பப் பழசு. 1972-ல் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். இதில் முன்னோடி. 1980களின் ஆரம்பத்தில் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். கொண்டுவந்தார். டிக் க்ரூன் 1986-ல் வெளியிட்ட சில ஸ்கிரிப்டுகளிலிருந்து பிறந்தது சி.வி.எஸ். அதை 1989-ல் பிரையன் பெர்லினர் சி மொழியில் திருப்பி எழுதினார். இதிலெல்லாம் ஆரம்பத்தில் ஒரு பொது குணம் உண்டு. பதிவேடும் அதைப் பார்க்கிற ஆளும் ஒரே இயந்திரத்தில், அல்லது ஒரே கட்டடத்தின் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். பதிவேட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுக் கம்பி வழியாகக் கேட்டு வாங்கும் வசதி சி.வி.எஸ்.ஸுக்கு வந்தது 1990களில்தான். அதைச் செய்தது சிக்னஸ் என்ற நிறுவனம்.

கம்பி வழியாகக் கேட்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பேச்சுமுறை ஒன்று வேண்டும். யார் முதலில் பேசுவது, எந்த வார்த்தைக்கு எந்தப் பதில் என்று எல்லாம். அதுதான் புரோட்டோகால். "ஐ லவ் யூ" அந்தப் பேச்சின் முதல் பதில்.

நம்ம ஊருக்கு இதில் என்ன வேலை?

இருக்கிறது. பெங்களூர் மென்பொருள் ஊரானதே கம்பி இல்லாத கம்பியால்தான். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கடை விரித்தபோது, அமெரிக்காவோடு பேசத் தனக்கென்று செயற்கைக்கோள் இணைப்பு வைத்துக்கொண்டது. 1991-ல் மத்திய அரசு எஸ்.டி.பி.ஐ. அமைப்பைத் தொடங்கியது. அதன் பிறகு சொந்தமாக ஆன்டெனா நட்டுக்கொள்ள வசதியில்லாத சின்ன கம்பெனிகளுக்கும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வாடகைக்கு இணைப்பு கிடைத்தது. 64 கேபிபிஎஸ் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு மெகாபைட் வந்து சேர இரண்டு நிமிஷத்துக்கு மேல். இன்று போனில் எடுக்கிற ஒரு போட்டோ வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், தாமதம் இன்னும் பெரிய தலைவலி. செயற்கைக்கோள் இருப்பது பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நம் கேள்வி மேலே ஏறி அமெரிக்காவில் இறங்க கால் விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. அரை விநாடிதானே என்று நினைக்காதீர்கள். ஆயிரம் கோப்புகள் உள்ள ஒரு திட்டம். ஒவ்வொரு கோப்புக்கும் "இது மாறியிருக்கா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால், காத்திருப்பு மட்டுமே 500 விநாடி. எட்டு நிமிஷத்துக்கு மேல்.

சி.வி.எஸ். புரோட்டோகாலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. அதில் கட்டளைகள் எழுத்தாலேயே இரண்டு சாதி. பெரிய எழுத்தில் தொடங்கும் கட்டளைக்குச் சர்வர் பதில் சொல்ல வேண்டியதில்லை. சின்ன எழுத்தில் தொடங்கினால் பதில் சொல்லியாக வேண்டும். 'டைரக்டரி', 'என்ட்ரி', 'மாடிஃபைட்' எல்லாம் பெரிய எழுத்து. "இந்த அடைவில் இருக்கேன், இந்தக் கோப்பு எங்கிட்ட இந்த வெர்ஷன், அந்தக் கோப்பை மாத்தியிருக்கேன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே போகலாம். கடைசியில் 'அப்டேட்' என்று சின்ன எழுத்துக் கட்டளை ஒன்று. அதற்குத்தான் பதில். மளிகைக் கடையில் ஒவ்வொரு சாமானாகக் கேட்டு நிற்காமல், முழுச் சீட்டையும் நீட்டிவிட்டு ஒரே பையாக வாங்கி வருகிற மாதிரி. தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அந்தத் தாமதத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கையால் தட்டிப் பார்ப்பது

இந்தப் பழைய புரோட்டோகால்களில் பல, மனுஷன் படிக்கிற மாதிரி எழுத்திலேயே பேசும். அதனால் டெல்நெட் என்கிற சின்ன கருவியை எடுத்து, சர்வரின் போர்ட்டைத் தட்டி, கட்டளையை நாமே கையால் டைப் செய்து பார்க்கலாம். "வேலிட் ரிக்வெஸ்ட்ஸ்" என்று கேட்டால் சி.வி.எஸ். சர்வர் தனக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும் வரிசையாகச் சொல்லும். "நோ-ஆப்" என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வேலையும் செய்யாது, ஆனால் பதில் வரும். "இருக்கீங்களா?" என்று கதவைத் தட்டுவதற்குச் சமம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில், சர்வர் பக்கம் கோளாறா நம் பக்கம் கோளாறா என்று கண்டுபிடிக்க சீனியர்கள் இப்படித்தான் செய்வார்கள். மவுஸைத் தொடவே மாட்டார்கள். ஒரு கறுப்புத் திரை, நாலு வரி, "லைன்ல பிரச்சனை இல்ல, நம்ம கிளையன்ட்லதான்" என்று தீர்ப்பு. பார்க்க மந்திரவாதி மாதிரி இருக்கும்.

இதையே முறைப்படி செய்தால் அதற்குப் பேர் டெஸ்டிங். சி.வி.எஸ். கூடவே ஒரு நீளமான சோதனை ஸ்கிரிப்ட் வரும். முதலில் சோதனைகளை உள்ளூரில் ஓட்டலாம். பிறகு 'ரிமோட் செக்' என்று சொன்னால் அதே சோதனைகளைக் கிளையன்ட், சர்வர் என்று பிரித்து ஓட்டும். வீட்டில் பேசின அதே பேச்சு, போனில் பேசினாலும் அதே அர்த்தம் தருகிறதா என்று பார்ப்பதுதான் சங்கதி.

ஆனால் நல்ல பிள்ளையாகக் கேட்டுச் சோதித்தால் மட்டும் போதாது. 2003 ஜனவரியில் ஸ்டெஃபான் எஸ்ஸர் என்பவர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். மேலே சொன்ன 'டைரக்டரி' கட்டளையைக் கோணல்மாணலாக அனுப்பினால் சி.வி.எஸ். சர்வர் ஒரே நினைவகத்தை இரண்டு தடவை விடுவிக்கும். அதைப் பயன்படுத்தி, படிக்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட சர்வரில் தன் நிரலை ஓட்டிவிடலாம். பதிவேட்டைப் பார்க்க வந்தவன் பதிவாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்த கதை. 1.11.5 வெர்ஷனில் சரி செய்தார்கள்.

சி.வி.எஸ்.ஸுக்கு மாற்றாக 2000-ல் கொலாப்நெட் நிறுவனம் ஆரம்பித்தது சப்வெர்ஷன். 2004 பிப்ரவரியில் 1.0 வந்தது. (கொலாப்நெட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருந்தது. சப்வெர்ஷனின் பங்களிப்பாளர் பட்டியலில் நம்மூர்ப் பேர்கள் இருப்பதைப் பார்த்தால் ஒரு சின்ன சந்தோஷம்.) அதன் சொந்த சர்வர் 3690 போர்ட்டில் இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளத்தைச் சொல்லும். அதிலும் 2004-லேயே ஒரு ஓட்டை. "நான் அனுப்பப் போகும் சொல் இத்தனை பைட்" என்று கிளையன்ட் மலையளவு எண் ஒன்றைச் சொன்னால், சர்வர் அதை நம்பிக் கணக்கில் கோட்டை விட்டது. ஜூன் 2004-ல் 1.0.5 வந்து அடைத்தது. எதிராளி பொய் சொல்வான் என்று எதிர்பார்த்தும் சோதிக்க வேண்டும் என்பது அப்போது கற்ற பாடம்.

ஒரே ஒரு வார்த்தை

இனி இந்தப் பதிவின் உயிர்நாடிக்கு வருகிறேன்.

லினக்ஸ் கெர்னலுக்கு 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற மென்பொருள்தான் பதிவேடு. லாரி மெக்வாய் என்பவரின் பிட்மூவர் நிறுவனத்துடையது. காசுக்கு விற்கும் சரக்கை லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை: இதை இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் போட்டி மென்பொருள் எதையும் உருவாக்கும் வேலையில் இருக்கக் கூடாது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொண்டார். பலருக்கு மனசு ஒப்பவில்லை. உலகமே சேர்ந்து எழுதுகிற நிரலின் வில்லங்கப் பதிவேடு, ஒரு தனியாரின் பெட்டியில். சாவி அவரிடம்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாக்காரர். சாம்பா, ஆர்சிங்க் எழுதினவர். விண்டோஸ் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசுவதைக் கம்பியில் ஒட்டுக்கேட்டு, அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு சாம்பாவை எழுதினார். அந்த முறையைப் பிரெஞ்சு ஹோட்டல் உதாரணத்தால் அவரே விளக்கியிருக்கிறார். பாஷை தெரியாத ஊரில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்வது போல என்று. கன்னடம் தெரியாமல் மெஜஸ்டிக்கில் வந்து இறங்கி, தர்ஷினியில் பக்கத்து ஆள் சொன்னதையே சொல்லி டிபன் வாங்கின நமக்கு இந்த உதாரணம் ரொம்பவே புரியும் :-)

2005-ல் டிரிட்ஜ், பிட்கீப்பர் சர்வரில் இருக்கும் சரித்திரத்தை எடுக்க ஒரு சின்ன இலவசக் கருவி எழுத ஆரம்பித்தார். அவர் பிட்கீப்பரைப் பயன்படுத்தியதும் இல்லை, அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்டதும் இல்லை. மெக்வாய்க்குக் கோபம். இத்தனைக்கும் லினஸ் வேலை பார்த்த அதே ஓ.எஸ்.டி.எல். அமைப்பில்தான் டிரிட்ஜும் இருந்தார். பேச்சுவார்த்தை முறிந்தது. 2005 ஏப்ரல் முதல் வாரத்தில் இலவச பிட்கீப்பர் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. லினஸே டிரிட்ஜைத்தான் திட்டினார். எங்கள் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்தோம்.

டிரிட்ஜ் அப்படி என்ன பெரிய தந்திரம் செய்தார் என்று எல்லோருக்கும் ஆர்வம். அதே மாதம் 21-ஆம் தேதி கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டு மேடையில் அவர் செய்து காட்டினார். டெல்நெட்டை எடுத்து ஒரு பிட்கீப்பர் சர்வரின் 5000-ஆம் போர்ட்டைத் தட்டினார். இப்போது என்ன டைப் செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். "ஹெல்ப்!" என்று கத்தினார்கள். டைப் செய்தார். சர்வர் சமர்த்தாகத் தனக்குத் தெரிந்த கட்டளைகளின் பட்டியலை நீட்டியது. அதில் ஒன்று 'க்ளோன்'. அடுத்து அதைக் கேட்டால் மொத்த சரித்திரமும் கொட்டியது. வந்த வடிவமும் 1972-ல் ஆரம்பித்த அந்தப் பழைய எஸ்.சி.சி.எஸ். வழி வந்ததுதான்.

முழுக் கருவி எழுத இதற்கு மேலும் உழைப்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கதவு திறந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

இதை வாசித்துப் பார்த்த தங்கமணி, "ஹெல்ப்னு கேட்டதுக்கா ஊரே ரெண்டுபட்டுச்சு?" என்றார். ஆமாம். மெக்வாய் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்தக் காசில் வருஷக்கணக்காகக் கட்டின வீடு. விருந்தாளியாக வந்தவர்கள் வரைபடம் எடுக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்த பெட்டியில் இருந்தது ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு. தன் மனையின் வில்லங்கத்தைப் பார்க்க, பதிவாளர் விற்கும் கண்ணாடியைத்தான் போட வேண்டும் என்றால் எப்படி?

பிறகு நடந்தது

2005 ஏப்ரல் 3-ஆம் தேதி லினஸ் கிட்டை எழுத உட்கார்ந்தார். 7-ஆம் தேதி கிட்டின் பதிவேடே கிட்டுக்குள் இருந்தது. அதே மாதம் மேட் மேக்கால் மெர்க்குரியலை அறிவித்தார். ஜூனில் வந்த 2.6.12 கெர்னல் கிட் துணையோடு வெளியானது. ஜூலையில் ஜூனியோ ஹமானோ கிட்டின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார்.

கிட் தனக்கென்று எடுத்துக்கொண்ட போர்ட் 9418. அதன் பேச்சில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாலு இலக்கம். அந்த நாலையும் சேர்த்து வரியின் நீளம், பதினாறடிமானத்தில். "வணக்கம்" என்று ஒரு வரி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளைத் தனியே எண்ணினால் ஏழு. யூடிஎஃப்-8-ல் எழுத்துக்கு மூன்று பைட் வீதம் 21. முன்னால் வரும் நாலைச் சேர்த்தால் 25. பதினாறடிமானத்தில் 19. ஆக, கம்பியில் போவது "0019வணக்கம்". யூனிகோடுக்காகப் பட்ட பாடெல்லாம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் இனிக்கும்.

கட்டளைகளும் எளிமை. சர்வர் தன்னிடம் உள்ள கிளைகளைச் சொல்லும். கிளையன்ட் "வான்ட்" என்று வேண்டியதையும் "ஹேவ்" என்று இருப்பதையும் சொல்லும். வித்தியாசம் மட்டும் கட்டிக்கொண்டு வரும். ஆயிரக்கணக்கில் கிளைகள் உள்ள இடத்தில் முதலிலேயே எல்லாவற்றையும் ஒப்பிப்பது வீண் என்பதால், வேண்டியதை மட்டும் கேட்கும் இரண்டாம் வெர்ஷன் 2018-ல் வந்தது. 2020-ல் அதுவே இயல்பான முறையும் ஆனது. கிட்டின் சோதனைத் தொகுப்பில் 5701 என்று எண் போட்ட ஸ்கிரிப்ட் இதற்கென்றே இருக்கிறது. இல்லாத கட்டளையைக் கேட்டால் சர்வர் ஒழுங்காக மறுக்கிறதா என்பது அதில் ஒரு சோதனை. 2003-ல், 2004-ல் பட்ட அடி வீண் போகவில்லை.

பிட்கீப்பர் என்ன ஆச்சு என்கிறீர்களா? 2016 மே மாதம் அதுவும் திறமூலமாக வெளியானது. பதினொரு வருஷம் கழித்து.

நமக்கு என்ன?

இந்த ஊரில் நாம் எழுதும் நிரல் பெரும்பாலும் எங்கோ இருக்கிற யாரோ ஒருவரின் சர்வரில் போய் உட்காருகிறது. கம்பெனி மாறினால் பேட்ஜை வாங்கிக்கொள்வார்கள், பத்து வருஷ உழைப்பின் பதிவேடு அந்தப் பக்கமே நின்றுவிடும். அது ஒப்பந்தம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொதுவில் எழுதும் நிரலுக்காவது அந்தக் கதி இல்லை என்றால், காரணம் க்ளோன் செய்த ஒவ்வொருவரிடமும் முழு மூலப்பத்திரமும் இருப்பதுதான். சர்வர் நாளைக்கே மூடினாலும் சரித்திரம் போகாது. அதே நேரம், இப்போது எல்லோரும் ஒரு சில பெரிய தளங்களிலேயே குவிந்திருக்கிறோம். நிரலின் சரித்திரம் நம்மிடம் இருக்கும். அதைச் சுற்றி நடந்த விவாதங்கள், பிழைக் குறிப்புகள் எல்லாம் அந்தத் தளத்தில்தான் இருக்கும், கிட் அவற்றைக் கொண்டுவராது. அதனால் ஹெல்ப் என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

வீட்டில் காலேஜ் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். கிட் ட்ரேஸ் பேக்கெட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, எதையாவது க்ளோன் செய்யட்டும். இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்வது வரி வரியாகத் திரையில் ஓடும். வழக்கமாக இரண்டு விநாடியில் முடிகிற வேலைக்குள் எவ்வளவு கேள்வி பதில் இருக்கிறது என்று பார்த்தால் அசந்து போவார்கள். அதற்கப்புறம் அந்தக் கட்டளைகளைக் கையாலும் டைப் செய்து பார்க்கலாம்.

டிஸ்கி: சோதனையெல்லாம் உங்கள் சொந்த மெஷினில் நிறுவிய சர்வரில் மட்டும். ஆபீஸ் சர்வரைத் தட்டிவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள். கிட்ஹப்பில் 9418 போர்ட்டைத் தட்டியும் பயனில்லை, பூட்டு இல்லாத அந்தப் பழைய வாசலை அவர்கள் 2022 மார்ச்சிலேயே அடைத்துவிட்டார்கள்.